ஒற்றைக் காக்கிச்சட்டை: நேர்மையான போலீஸ் படங்கள் நமக்கு ஏன் பிடிக்கின்றன?

தமிழ்ப் படங்களில் ஐம்பது ஆண்டுகளாக அலுக்காமல் வந்துகொண்டிருக்கும் ஒரு கதாநாயகன் இருக்கிறான். காக்கிச்சட்டை போட்டவன். லஞ்சம் வாங்கமாட்டான். மந்திரி போன் போட்டாலும் அசரமாட்டான். ஸ்டேஷனில் மற்ற எல்லாரும் விலைபோன பிறகும் இவன் ஒருவன் மட்டும் நிமிர்ந்து நிற்பான். 1974-இல் வந்த ‘தங்கப்பதக்கம்’ தொடங்கி 2024-இல் வந்த ‘வேட்டையன்’ வரை சிவாஜி, ரஜினி, சத்யராஜ், விக்ரம், சூர்யா, விஜய் என்று நடிகர்கள் மாறியிருக்கிறார்கள். அந்தச் சட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

செலண்டார், ஜாசின் வட்டாரத்தில் நம் மாணவர்களிடம் பிடித்த படம் எது என்று கேட்டுப் பாருங்கள். ‘சிங்கம்’, ‘தெறி’, ‘தனி ஒருவன்’ என்ற பெயர்கள் கட்டாயம் வரும். ‘சிங்கம்’ வெளியானபோது இவர்களில் பலர் பாலர்பள்ளிக்குக்கூடப் போயிருக்க மாட்டார்கள். ஆஸ்ட்ரோவிலும் கைப்பேசியிலும் பார்த்து வசனம் முழுக்க மனப்பாடமாகச் சொல்கிறார்கள். குற்றச்செயல்கள் பெருகுவதைப் பற்றிக் கருத்து விளக்கக் கட்டுரை எழுதச் சொன்னால், தீர்வுக்கான பத்தியில் இந்தப் படங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ‘நேர்மையான ஓர் அதிகாரி வந்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்று எழுதுகிறார்கள். வாய்விட்டுக் கேட்டால், ‘அடிச்சாதான் டீச்சர் திருந்துவான்’ என்கிறார்கள்.

இந்தப் பதிலைத் தப்பு என்று சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போவது எளிது. அது எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் திறனாய்வு. படத்தின் கவர்ச்சி எதில் இருக்கிறது, அந்தக் கவர்ச்சி எதை மறைக்கிறது, நம் பிள்ளைகளுக்கு அதனால் என்ன ஆகிறது என்ற மூன்று கேள்விகளை வைத்து இந்தக் கட்டுரை நகர்கிறது. இலக்கியப் பாடத்தில் நாம் பயன்படுத்தும் கதைக்கரு, கதைப்பின்னல், பாத்திரப் படைப்பு, முரண், உத்தி போன்ற கருவிகளே இதற்கும் போதும்.

ஒரு கையெழுத்தில் தொடங்கிய சண்டை

ஹரி இயக்கிய ‘சிங்கம்’ 2010-இல் வந்தது. துரைசிங்கம், தூத்துக்குடி வட்டாரத்தில் நல்லூர் என்ற ஊரின் சப்-இன்ஸ்பெக்டர். சென்னையில் ஆள்கடத்திப் பணம் பறிக்கும் மயில்வாகனத்துக்கு நிபந்தனை ஜாமீன் கிடைக்கிறது. நல்லூர் ஸ்டேஷனுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது நிபந்தனை. அவன் தனக்குப் பதிலாக வேறொரு ஆளை அனுப்புகிறான். துரைசிங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. நீயே நேரில் வந்துதான் போட வேண்டும் என்கிறார். முழுப் படத்தின் மோதலும் இந்த ஒரு கையெழுத்தில்தான் பற்றிக்கொள்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இவ்வளவு அடிதடி உள்ள படத்தின் விதை, ஓர் அரசாங்கப் பதிவேட்டில் போட வேண்டிய கையெழுத்து. சட்டம் சொன்னபடி நட என்று ஒரு சிறிய ஊரின் சிறிய அதிகாரி ஒரு பெரிய மனிதனிடம் சொல்கிறார். தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் பார்வையாளர்கள் முதலில் கைதட்டியது இதற்குத்தான் என்று நினைக்கிறேன். வரிசையில் நில், உன் முறை வரும்போது வா என்று பணக்காரனைப் பார்த்துச் சொல்ல ஒருவன் இருக்கிறான் என்ற மகிழ்ச்சி அது.

ஆனால் படம் எங்கே முடிகிறது? மயில்வாகனத்தை ஆந்திர மாநிலத்துக்குள் துரத்திக்கொண்டு போய்ச் சுட்டுக் கொல்வதில் முடிகிறது. கையெழுத்துக்காகத் தொடங்கிய கதை துப்பாக்கிக் குண்டில் முடிகிறது. நீதிமன்றம் போட்ட நிபந்தனையை மதிக்கச் சொன்ன அதே அதிகாரி, கடைசியில் அந்த நீதிமன்றத்துக்கு வேலையே இல்லாமல் செய்துவிடுகிறார். முதல் பாதியில் சட்டம் அவருடைய பலம். இரண்டாம் பாதியில் சட்டம் அவருக்கு இடைஞ்சல். இந்த மாற்றம் எந்த நிமிடத்தில் நடந்தது என்று பார்வையாளருக்குத் தெரியாதபடி வேகமாகக் கொண்டுபோவதுதான் இயக்குநரின் திறமை.

அதே ஹரியின் ‘சாமி’ (2003) இன்னும் சிக்கலானது. திருநெல்வேலிக்கு வரும் ஆறுச்சாமி, ஊரை ஆட்டிப்படைக்கும் பெருமாள் பிச்சையிடம் முதலில் ஒரு உடன்பாட்டுக்கு வருகிறார், பணமும் வாங்கிக்கொள்கிறார். நேர்மையாக மட்டும் இருந்து முன்பு பட்ட பாடு அவரை அப்படி ஆக்கியிருக்கிறது. முடிவில் பெருமாள் பிச்சையைக் கொன்று செங்கல் சூளையில் எரித்துவிடுகிறார். வெளியுலகத்துக்கு அவன் தலைமறைவானவன். அதாவது நேர்மையான போலீஸின் வெற்றி, யாருக்கும் தெரியக்கூடாத ஒரு கொலை. நேர்மை என்ற சொல்லுக்கு ஒளிவு மறைவு இல்லாமை என்று நாம் பொருள் சொல்லித் தருகிறோம். இங்கே அந்தச் சொல் தலைகீழாகிவிட்டது. ஆனாலும் தியேட்டரில் விசில் அடித்தோம்.

இதோடு ‘தங்கப்பதக்க’த்தை ஒப்பிட்டால் காலம் எப்படி மாறியது என்பது தெரியும். பி. மாதவன் இயக்கிய அந்தப் படத்தில் எஸ்.பி. சௌத்ரி தன் மகனையே குற்றவாளியாக எதிர்கொள்கிறார். கடைசியில் தன் கையாலேயே சுடுகிறார். அங்கும் துப்பாக்கி இருக்கிறது. ஆனால் அந்தக் கதையின் முரண் பாசத்துக்கும் கடமைக்கும் இடையில். சட்டத்துக்காக அவர் இழப்பது தன் சொந்த ரத்தத்தை. பின்னால் வந்த நாயகர்கள் பலர் தங்கள் கோபத்துக்காகச் சட்டத்தையே இழக்கிறார்கள். இரண்டையும் ‘கடமை தவறாத காவல் அதிகாரி’ என்று ஒரே வரியில் எழுதினால் பாத்திரப் படைப்பின் வேறுபாடு காணாமல் போய்விடும்.

கவர்ச்சிக்கு நான்கு காரணங்கள்

முதல் காரணம், பேச்சு. இந்தப் படங்களில் துப்பாக்கியைவிட வாய்தான் அதிகம் வெடிக்கிறது. அலுவலகக் கவுண்டரின் முன்னால் ஐசியைக் கையில் பிடித்துக்கொண்டு, பாரத்தில் எதை நிரப்புவது என்று தெரியாமல், மலாய் சரளமாக வராமல் தயங்கி நின்ற அப்பாக்களின் பிள்ளைகள் நாம். பாலாய்க்குப் போய் ரிப்போர்ட் பண்ணு என்றால், ‘வேணாம்பா, நமக்கு எதுக்கு வம்பு’ என்பதுதான் வீட்டில் கேட்ட பதில். அங்கே சொல்ல முடியாமல் தொண்டையில் நின்றுபோனதையெல்லாம் நல்ல தமிழில், உரத்த குரலில், அதிகாரத்தோடு ஒருவன் சொல்கிறான். அவனுக்கு அந்த அதிகாரத்தைச் சட்டை தருகிறது. நம் குரலைக் கடன் வாங்கி அவன் பேசுகிறான் என்று தோன்றுகிறது.

இரண்டாவது, வேகம். நிஜத்தில் ஒரு வழக்கு முடிய ஆண்டுகள் ஆகும். படத்தில் இரண்டரை மணி நேரம். காத்திருந்து காத்திருந்து அலுத்தவர்களுக்கு அந்த வேகமே நீதி மாதிரி தெரிகிறது. இந்தியில் 1973-இல் வந்த ‘சஞ்சீர்’ அமிதாப் பச்சனைக் கோபக்கார இளைஞனாக நாட்டுக்கு அறிமுகப்படுத்தியது. அதைத் தமிழில் எம்.ஜி.ஆர். நடித்து ‘சிரித்து வாழ வேண்டும்’ என்று மறு ஆண்டே எடுத்தார்கள். அமெரிக்காவில் 1971-இல் ‘டர்ட்டி ஹாரி’ வந்தது. சட்டம் மெதுவாக நடக்கிறது என்ற எரிச்சல் எந்த நாட்டில் கூடுகிறதோ அந்த நாட்டில் இந்த நாயகன் பிறந்துவிடுகிறான்.

மூன்றாவது, பெண்ணின் மரணம். ‘காக்க காக்க’வில் மாயா, ‘வேட்டையாடு விளையாடு’வில் கயல்விழி, ‘என்னை அறிந்தால்’ படத்தில் ஹேமானிகா, ‘தெறி’யில் மித்ரா. நால்வரும் நாயகனின் காதலி அல்லது மனைவி, நால்வரும் கொல்லப்படுகிறார்கள். இது தற்செயல் கிடையாது, ஓர் உத்தி. பொதுக் கடமையாக இருந்த ஒன்றை இந்த மரணம் சொந்த வலியாக மாற்றிவிடுகிறது. அதற்குப் பிறகு நாயகன் என்ன செய்தாலும் நாம் கேள்வி கேட்கமாட்டோம். அந்தப் பெண்ணுக்குக் கதையில் வேறு என்ன வேலை இருந்தது என்று மாணவிகள் கேட்க வேண்டும். பெரும்பாலும் சிரிப்பதும் சாவதும்தான்.

நான்காவது காரணம் நம் மண்ணிலிருந்து வருகிறது. தோட்டத்தில் துரை, கிராணி, மண்டோர் என்று அடுக்கடுக்காக அதிகாரம் இருந்தது. பால் நிறுப்பவர் எழுதுகிற எண்தான் கூலி. அந்த எண்ணில் சந்தேகம் வந்தால் முறையிட முறையான ஓர் இடம் இல்லாத காலம் நெடுநாள் இருந்தது. அப்போது மக்களுக்கு இருந்த ஒரே நம்பிக்கை, ‘ஒரு நல்ல துரை வந்தா போதும்’ என்பதுதான். நல்ல துரை வந்தால் லயத்துக் கூரையை மாற்றுவார், கோயில் திருவிழாவுக்கு லீவு கொடுப்பார். கெட்ட துரை வந்தால் விதி. எல்லாமே ஆளைப் பொறுத்தது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் ‘தங்கப்பதக்கம்’ மாதிரி படங்களைத் தரையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, திரையில் வந்த நல்ல அதிகாரி அந்த நல்ல துரையின் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரிந்திருப்பார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் பட்டணத்துக்கும் தாமானுக்கும் வந்துவிட்டார்கள். ஆனால் அந்த எண்ணம் கூடவே வந்தது. நம்மைக் காப்பாற்ற ஒரு நல்ல மனிதன் வருவான் என்ற எதிர்பார்ப்பை இந்தப் படங்கள் ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுப்பித்துக் கொடுக்கின்றன. உண்மையில் தோட்ட வாழ்க்கையை மாற்றியதில் நல்ல துரைகளைவிடப் பெரிய பங்கு வேறு ஒன்றுக்கு உண்டு. 1954-இல் பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. அதன் பிறகு கூலி என்பது துரையின் மனசைப் பொறுத்த விஷயமாக இல்லாமல் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட விஷயமாக மாறத் தொடங்கியது. அந்தச் சங்கத்தின் மீது எத்தனை குறை இருந்தாலும், எழுதப்பட்ட ஒப்பந்தம் என்ற அந்த ஒன்று பெரியது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாவதை யாரும் ஸ்லோமோஷனில் படமெடுக்கமாட்டார்கள். விசில் பறக்காது.

நாற்காலியின் அந்தப் பக்கம்

போலீஸ் படங்களில் ஸ்டேஷனை நாம் எப்போதும் அதிகாரியின் நாற்காலியிலிருந்து பார்க்கிறோம். எதிரே நிற்பவன் அடி வாங்கினால், வாங்க வேண்டியவன்தான் வாங்குகிறான் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அவன் செய்த குற்றத்தைக் கேமரா ஏற்கனவே காட்டிவிட்டது. நிஜ வாழ்க்கையில் அப்படி முன்கூட்டிக் காட்டுகிற கேமரா கிடையாது. பிடிபட்டவன் குற்றவாளியா இல்லையா என்று தெரியாத நிலையில்தான் விசாரணையே தொடங்குகிறது. இந்த ஒரு வேறுபாடு போதும், படத்தின் நியாயம் வெளியே செல்லாது என்று காட்ட.

வெற்றிமாறன் அந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டார். ‘விசாரணை’ 2015-இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டு, 2016-இல் வெளியானது. ஆட்டோ ஓட்டுநராக இருந்த மு. சந்திரகுமார் தன் அனுபவத்தை வைத்து எழுதிய ‘லாக்கப்’ நூல்தான் அடிப்படை. பிழைப்புத் தேடி குண்டூருக்குப் போன தமிழ் இளைஞர்கள், செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கப்படுகிறார்கள். ‘அடிச்சா உண்மை வரும்’ என்று நம் படங்கள் நாற்பது ஆண்டு சொன்ன பாடத்துக்கு இது பதில். அடித்தால் வருவது உண்மை அல்ல. அடியை நிறுத்த என்ன சொல்ல வேண்டுமோ அதுதான் வரும்.

இந்தப் படத்திலும் ஒரு நேர்மையான போலீஸ் இருக்கிறார் என்பதை மறந்துவிடக்கூடாது. சமுத்திரக்கனி நடித்த இன்ஸ்பெக்டர் முத்துவேல்தான் அவர். அந்த இளைஞர்களுக்காக நீதிமன்றத்தில் பேசி வெளியே வர உதவுகிறார். பிறகு அவர்களையே கொல்லச் சொல்லி உத்தரவு வரும்போது அவரால் முடியவில்லை. அவரும் கொல்லப்படுகிறார். ‘சிங்க’த்தின் நாயகனும் இவரும் ஒரே வகை மனிதர்கள். ஆனால் இங்கே தனி ஒருவனின் நேர்மை யாரையும் காப்பாற்றவில்லை. அவர் பேச்சைப் பதிவு செய்ய, கேட்க, மேலே கொண்டுபோக அந்தக் கட்டடத்தில் ஒருவரும் இல்லை.

பிராங்க்ளின் ஜேக்கப் இயக்கிய ‘ரைட்டர்’ (2021) இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறது. நாயகன் தங்கராஜ், ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் வயதான ஏட்டு. அவருடைய ஆசை, போலீஸ்காரர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்பது. சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்ட ஓர் ஆராய்ச்சி மாணவனுக்குக் காவல் இருக்க வேண்டிய நிலை அவருக்கு வருகிறது. காவல் நிலையத்தில் கோப்பை எழுதுகிறவன் என்ன எழுதுகிறான் என்பதில் ஓர் உயிர் தொங்கும் என்று இந்தப் படம் காட்டுகிறது. பஞ்ச் வசனம் இல்லை. தங்கராஜ் நேர்மையானவரா என்று கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாது. பாத்திரப் படைப்பு பாடத்துக்கு ‘சிங்க’த்தையும் ‘ரைட்ட’ரையும் அருகருகே வைத்தால் மாணவர்கள் நிறைய பேசுவார்கள்.

அமெரிக்காவின் ‘செர்பிகோ’வையும் இங்கே சொல்ல வேண்டும். 1973-இல் சிட்னி லூமெட் இயக்கத்தில் அல் பசினோ நடித்தது. நியூயார்க் போலீஸில் லஞ்சத்தை எதிர்த்த உண்மை மனிதர் ஒருவரின் கதை. தலைப்பில் ஒருவர் பெயர்தான் இருக்கிறது. ஆனால் நிஜத்தில் நடந்தது, அவர் சொன்னதை 1970-இல் ஒரு நாளேடு வெளியிட்டது. அதைத் தொடர்ந்து நாப் ஆணையம் அமைக்கப்பட்டது. 1971-இல் துப்பாக்கிச் சூட்டில் காயம்பட்டு உயிர் பிழைத்த அவர், அதே ஆண்டு இறுதியில் அந்த ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார். தனி மனிதனின் நேர்மைக்கு ஒரு நாளேடும் ஓர் ஆணையமும் காது கொடுத்தன. அதனால்தான் அது வெறும் சோகக் கதையாக முடியவில்லை.

சாத்தான்குளத்துக்குப் பிறகு

2020 ஜூன் மாதம் தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில், கொரோனா ஊரடங்கில் நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையையும் மகனையும் போலீஸ் பிடித்துச் சென்றது. சில நாள்களில் இருவரும் இறந்தார்கள். நாடே கொதித்தது. அப்போது இயக்குநர் ஹரி ஓர் அறிக்கை விட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுகிறேன் என்பது அதன் சாரம். ‘சாமி’, மூன்று ‘சிங்கம்’ படங்கள், ‘சாமி ஸ்கொயர்’. கணக்குச் சரியாக வருகிறது. துரைசிங்கத்தின் கற்பனை நல்லூரும் அதே மாவட்டத்துச் சீமைதான் என்பதை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

ஹரியின் படங்களால்தான் அந்தக் கொடுமை நடந்தது என்று சொன்னால் அது அபத்தம். படம் யாரையும் லத்தியை எடுக்க வைப்பதில்லை. ஆனால் லத்தியை எடுத்தபோது ஊர் சும்மா இருக்கப் பழக்குவதில் படத்துக்குப் பங்கு உண்டு. ‘என்னமோ செஞ்சிருப்பான், அதான் அடிக்கிறாங்க’ என்று நாம் சொல்லிவிட்டு நகர்ந்துபோகும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இந்தப் படங்கள் நமக்குக் கற்றுக்கொடுக்கின்றன. 2023-இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல், ‘சிங்கம்’ இந்திப் பதிப்பைக் குறிப்பிட்டு, முறையான விசாரணை இல்லாமல் உடனடி நீதி வழங்கும் நாயகன் ஆபத்தான செய்தியைத் தருகிறான் என்ற கருத்தில் பேசினார்.

அந்தச் சம்பவத்திலும் ஒரு நேர்மையான போலீஸ் இருந்தார். அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர், தான் கண்டதை மாஜிஸ்திரேட்டிடம் சாட்சியமாகச் சொன்னார். கையில் துப்பாக்கி இல்லை, பின்னணி இசை இல்லை, பறந்து அடிக்கவில்லை. உள்ளே நடந்ததைச் சொன்னார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தலையிட்டிருந்தது; விசாரிக்க மாஜிஸ்திரேட் இருந்தார்; எழுதிக்கொள்ளத் தாள் இருந்தது. அதனால் அவருடைய நேர்மைக்குப் பலன் கிடைத்தது. முத்துவேலுக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்தது. நேர்மையான தனி மனிதர் தேவையே இல்லை என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. அவர் சொல்வதைக் கேட்கும் அமைப்பு இருந்தால்தான் அவருடைய நேர்மை அடுத்தவர் உயிருக்கு உதவும் என்கிறது.

படங்களும் மெல்ல மாறுகின்றன. துரைசிங்கமாக நடித்த சூர்யாதான் ‘ஜெய் பீம்’ (2021) படத்தில் வழக்கறிஞராக வந்து, காவலில் காணாமல் போன பழங்குடி மனிதருக்காக ஆட்கொணர்வு மனு போடுகிறார். மயில்வாகனமாக நடித்த பிரகாஷ் ராஜ் அதே படத்தில் நேர்மையான ஐ.ஜி. அதை இயக்கிய த.செ. ஞானவேல், ‘வேட்டையன்’ படத்தில் ரஜினியை என்கவுன்டர் அதிகாரியாக்கி, அவர் கையாலேயே நிரபராதி ஒருவன் சாகும்படி கதை அமைத்தார். நாயகனுக்கே தான் செய்தது சரியா என்ற கேள்வி வருகிறது. ஆனால் அந்தப் படத்திலும் ரசிகர்களுக்காகச் சண்டைக்காட்சிகளும் ஸ்டைலும் தாராளமாக உண்டு. கேள்வியையும் விசிலையும் ஒரே தட்டில் வைத்தால், வீட்டுக்குத் திரும்பும்போது எது நினைவில் நிற்கும்? வகுப்பில் விவாதிக்க வேண்டிய கேள்வி இது.

நம் நாட்டுக்கு வருவோம்

இந்தியாவில் நடக்கும் கதைதானே, நமக்கென்ன என்று மாணவர்கள் கேட்கலாம். 2009 சனவரியில் சுபாங் ஜெயா வட்டாரத்துக் காவல் நிலையத் தடுப்பில் ஓர் இந்திய இளைஞர் இறந்தார். குடும்பம் வழக்குத் தொடுத்தது. 2013-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் காவல்துறையையும் அரசாங்கத்தையும் பொறுப்பாக்கி இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. நம் சமூகத்தில் அந்தச் செய்தியைப் பேசாத வீடு கிடையாது. திரையில் லாக்கப் அடியைப் பார்த்துக் கைதட்டும் அதே வரவேற்பறையில், தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக் கண்ணீரும் விட்டோம். இரண்டையும் சேர்த்து யோசித்தோமா என்பதுதான் என் கேள்வி.

நம் நாட்டின் அமைப்புகளும் அங்குலம் அங்குலமாகத்தான் நகர்கின்றன. காவல்துறை பற்றி ஆராய்ந்த அரச ஆணையம் 2005-இல் 125 பரிந்துரைகளைக் கொடுத்தது. புகார்களை விசாரிக்கச் சுயேச்சையான ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் முக்கியமானது. பல விவாதங்களுக்குப் பிறகு, அந்தப் பரிந்துரையைவிட அதிகாரம் குறைந்த வடிவில், போலீஸ் நடத்தை மீதான சுயேச்சை ஆணையம் 2023 ஜூலை 1-இல் நடப்புக்கு வந்தது. பதினெட்டு ஆண்டு. ஒரு குழந்தை பிறந்து எஸ்.பி.எம். எழுதி முடிக்கும் காலம். இந்தக் கதையை யாரும் படமெடுக்கமாட்டார்கள். ஆனால் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய போலீஸ் கதை இதுதான்.

கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதியையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துபேச அனுமதிக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன் நிறுத்த வேண்டும். துரைசிங்கத்தின் வசனத்தை ஒப்புவிக்கும் பதினேழு வயதுப் பையனுக்கு இந்த மூன்று வரியும் தெரிந்திருந்தால் அது அவனுக்கு என்றைக்காவது உதவும். அவன் அண்ணனுக்கும் உதவும்.

தணிக்கைக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. பா. ரஞ்சித்தின் ‘கபாலி’ 2016-இல் இங்கே திரையிடப்பட்டபோது, கபாலி போலீஸிடம் சரணடைந்துவிட்டான் என்ற வாசகம் முடிவில் சேர்க்கப்பட்டிருந்தது. குற்றம் செய்தவன் தண்டனை பெறாமல் போவதாகக் காட்டக்கூடாது என்ற கவலை அதில் தெரிகிறது. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் குண்டர் கும்பல் தலைவனைப் பார்த்துக் கவலைப்படும் நாம், சட்டையைப் போட்டுக்கொண்டு சட்டத்தை மீறுபவனைப் பார்த்து ஏன் கவலைப்படுவதில்லை? ஆறுச்சாமியின் செங்கல் சூளைக்கு இப்படி ஒரு வாசகத்தை யாரும் எழுதிப் பார்த்ததுண்டா?

நம் நாட்டிலேயே இதற்கு மாற்றாக ஒரு படம் இருக்கிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ 2015-இல் வந்து, சிறந்த மலேசியப் படத்துக்கான விருதைப் பெற்றது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துச் சிறுவன் அப்போய் கெட்டவனாக ஆவது எப்படி என்று அது காட்டுகிறது. வீட்டின் அடி, பள்ளியின் அலட்சியம், சுற்றியிருக்கும் வறுமை எல்லாம் சேர்ந்து ஒரு பிள்ளையைத் தள்ளுகின்றன. போலீஸ் படத்தில் முதல் காட்சியிலேயே ரவுடியாக வந்து அடி வாங்கி விழுகிறானே பெயரில்லாத ஓர் ஆள், அவனுக்கும் ஒரு கதை இருந்திருக்கும் என்று ‘ஜகாட்’ நினைவூட்டுகிறது. ஆசிரியர்களாகிய நமக்கு அது கொஞ்சம் சுடவும் செய்கிறது.

‘படம் படம்தானே’ என்றால்?

இப்படிச் சொல்பவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம் சிரித்து, கைதட்டி, கவலையை மறக்க யாருக்கும் உரிமை இருக்கிறது. ராமாயணத்தில் இராவணன் விழும்போது மகிழ்ந்தவர்கள், தெருக்கூத்தில் துரியோதனன் சாகும்போது கத்தியவர்கள் நம் முன்னோர்கள். தீயவன் வீழ வேண்டும் என்ற ஆசை பழையது, ஆரோக்கியமானதும்கூட. மாணவர்களிடம் இந்தப் படங்களைப் பார்க்காதே என்று சொன்னால், அவர்கள் பார்க்கத்தான் போகிறார்கள். நம்மிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொள்வார்கள்.

பார்க்கட்டும். பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கப் பழகட்டும். நேர்மை என்ற பண்பை நேசிப்பதும், அது ஒரே ஒரு ஆளிடம் மட்டுமே இருக்கிறது என்று நம்புவதும் வேறு வேறு. முதலாவது பிள்ளையை நல்லவனாக்கும். இரண்டாவது அவனைக் கையைக் கட்டிக்கொண்டு யாருக்காகவோ காத்திருப்பவனாக ஆக்கும்.

வகுப்பறைக்கும் தேர்வுக்கும்

ஆசிரியர்கள் கலந்துரையாடலுக்குப் பின்வரும் கேள்விகளைப் பயன்படுத்தலாம்.

1. ‘சிங்கம்’ படத்தின் மோதல் ஒரு கையெழுத்தில் தொடங்குகிறது. கதை அந்த வழியிலேயே, நீதிமன்றத்தில் முடிந்திருந்தால் இறுதிக் காட்சி எப்படி இருந்திருக்கும்? ஒரு பத்தியில் எழுதுக.
2. எஸ்.பி. சௌத்ரி, துரைசிங்கம், முத்துவேல் ஆகிய மூவரின் பாத்திரப் படைப்பை ஒப்பிடுக. மூவரும் எதை இழக்கிறார்கள்?
3. நீங்கள் பார்த்த ஒரு போலீஸ் படத்தில், அடி வாங்கும் பெயரில்லாத ஒருவனின் பார்வையில் அந்தக் காட்சியைச் சிறுகதையாக எழுதுக.
4. ‘நல்ல அதிகாரி ஒருவர் இருந்தால் போதும்.’ இக்கூற்றை ஏற்றும் மறுத்தும் விவாதிக்க.

மாணவர்களுக்கு மூன்று குறிப்புகள். முதலாவது, திறனாய்வில் கதைச்சுருக்கம் ஐந்து வரிக்கு மேல் போகக்கூடாது. காட்சியைச் சொன்ன உடனே அந்தக் காட்சி என்ன செய்கிறது என்று எழுத வேண்டும். இரண்டாவது, ‘விறுவிறுப்பான படம்’, ‘அருமையான நடிப்பு’ போன்ற சொற்கள் எந்தப் படத்துக்கும் பொருந்தும். எந்தப் படத்துக்கும் பொருந்துகிற வாக்கியம் உங்கள் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அர்த்தம். மூன்றாவது, குற்றச்செயல்கள் பற்றிய கட்டுரையில் தீர்வு எழுதும்போது ‘யார் வர வேண்டும்’ என்று எழுதுவதோடு நிறுத்தாமல் ‘எது மாற வேண்டும்’ என்றும் எழுதுங்கள். புகார் கொடுக்கும் முறை, சட்ட உதவி, இளைஞர் நடவடிக்கைகள், பள்ளி ஆலோசகர் சேவை, குடும்பப் பொருளாதாரம் என்று ஒவ்வொன்றுக்கும் காரணமும் சான்றும் சேர்த்தால் கருத்து வலுப்பெறும்.

அடுத்த போலீஸ் படம் எப்படியும் வரும். புது நடிகர், புது மீசை, புது வசனம். மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லும்போது நாம் அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்போம்: ‘அவன் அடித்த ஆளை 24 மணி நேரத்துக்குள் யார் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினான்?’